வாயில் மிஞ்சிய வார்த்தை

தேவாலயத்தின் இரண்டாம் மணி அடித்து ஓய்ந்தபோது ஞானசிகாமணி உபதேசியார் முன்வரிசைப் பெஞ்சில் தன் வாயைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதட்டை மடித்து, பல்லை நெருக்கி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து எத்தனை பூட்டுப் போட்டாலும் அது வந்துவிடும், கேட்டதற்கும் வரும், கேளாததற்கும் வரும். பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் பாதிப் பாதியாக வாங்கிக்கொண்டது, பேச்சை முழுசாகவே வாரிக்கொண்டு போனது, போகிற போக்கில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வாய்க்குள் போட்டுவிட்டுப் போனது. இல்ல. சாப்பிட்டீங்களா என்றால் இல்ல. வாயில் இட்லி இருக்கும்போதே இல்ல. உங்க பேரு என்ன ஐயா என்று டாக்டர் கேட்டபோதும் இல்ல. தலையையாவது மேலும் கீழும் ஆட்டிச் சமாளிக்கலாம் என்றால் அந்தத் தலையும் வாயோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு பக்கவாட்டில் ஆடுகிறது. உள்ளே எல்லாம் இருக்கிறது, அதுதான் கொடுமை, ஒரு சொல் குறையாமல் அத்தனையும் வரிசையாக நிற்கிறது, இன்னார் வீட்டு ஜெபத்துக்கு இன்ன வசனம், கலியாண வீட்டுக்கு ஒன்று, துக்க வீட்டுக்கு ஒன்று, புதுக்கடை திறப்புக்கு ஒன்று. வாசலில் மட்டும் இந்த ஒற்றைச் சொல் கையை விரித்துக்கொண்டு நிற்கிறது, மற்ற எதையும் வெளியே விடுவதில்லை. பக்கத்தில் மனைவி எப்சிபாய் அவருடைய சட்டைக் காலரை மூன்றாம் முறையாகச் சரிசெய்தாள். "கையக் கட்டிக்கிட்டு இரிங்க, வேர்க்குதா?" என்றாள். இல்ல, என்றார். கழுத்தெல்லாம் வேர்வை. அவள் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

இன்றைக்குப் பேத்திக்கு ஞானஸ்நானம். எப்சிபாய் ஞானத்தாய், அவர் ஞானத்தகப்பன். தொட்டியருகே நின்று பிள்ளைக்காகச் சபைக் குருவான ஐயர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். விசுவாசிக்கிறீர்களா என்று ஐயர் கேட்பார், விசுவாசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், சபையில் எந்த ஆளும் மூச்சுவிடுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிற ஒரு சொல். அவர் வாயில் என்ன வரும் என்பது சபைக்கே தெரியும். மகள் சலோமி பிடித்த பிடியில் நின்றுவிட்டாள். "அப்பாதான் நிக்கணும். அப்பா நிக்கலன்னா எம் பிள்ளைக்கு ஞானஸ்நானமே வேண்டாம்." சம்பந்தியம்மா நாசூக்காகத்தான் சொன்னாள், தன் தம்பி பேங்கில் மேனேஜராக இருக்கிறான், நல்லாப் பேசுவான், அவனும் ஒரு ஞானத்தகப்பன்தானே, ஐயாவுக்கு ஏன் சிரமம் என்று. சலோமி அந்தப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புது ஐயர் சின்ன வயசு, இந்தச் சபைச் சேகரத்துக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை, வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே, "அம்மா சொன்னாப் போதும் ஐயா, நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க, உதட்ட மட்டும் அசைங்க" என்றார். உதட்டை மட்டும் அசைப்பதாம். வாலிப வயசில் வரப்பில் ஓடுகிறவனிடம் காலை மட்டும் அசை, ஓடாதே என்று சொன்ன கதைதான். உதடு அசைந்தால் அது வந்துவிடும் ஐயரே. வந்து, உங்கள் காலர் மைக்கில் விழுந்து, கோபுரத்தில் கட்டியிருக்கிற குழாய் ஒலிபெருக்கி வழியாக, பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவன் வரைக்கும் போய்ச் சேரும். விசுவாசிக்கிறீர்களா? இல்ல. வாழ்நாளெல்லாம் உபதேசியாராக இருந்த மனுஷன், ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்தபின்னும் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஜெபிக்கப் போன மனுஷன், தன் பேத்தியின் தலைமாட்டில் நின்று.

பாடகர் குழு வெள்ளை அங்கியில் உள்ளே வந்தது, எல்லாரும் எழுந்தார்கள், எப்சிபாய் அவர் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். ஆர்கன் முதல் அடியை வாசித்ததும் அவருடைய நெஞ்சுக்குள் பாட்டின் சரணங்கள், எல்லாக் கவியும், ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. பேச்சு வராதவர்களுக்குப் பாட்டு வரும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், நல்ல பெண், மாட்டுப் படமும் விளக்குப் படமும் காட்டிப் பேர் கேட்பாள், பொறுமையாகக் கேட்பாள். பாடிப் பார்த்தார். ராகம் சுத்தமாக வந்தது, தாளம் வந்தது, வார்த்தை மட்டும் வரிக்கு வரி இல்ல இல்ல இல்ல இல்ல. உயிர்த்தெழுந்த ஞாயிறன்று விடியற்காலை ஆராதனையில் மறந்துபோய் வாயைத் திறந்து, கல்லறை வெறுமையாயிற்று என்று ஊரே களிகூர்ந்து பாடுகையில் இவர் மட்டும் இல்ல இல்ல என்று பாட, பின்னால் இருந்த வாலிபர்கள் தோள் குலுங்கச் சிரித்தது காதில் விழுந்தது. அன்றோடு கோயிலில் பாடுவதை நிறுத்தினார். பாடாமல் நிற்பது கஷ்டம். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தால் கண்ணை மூடினால் அந்த வீடு வந்துவிடுகிறது, சபைக்காரர் தாம்சன் கட்டிய புது வீடு, பெயிண்ட் வாசம், கூடத்தில் நாற்காலிகள், வாசலில் பிரியாணி அண்டா, பிரதிஷ்டை ஜெபத்தில் அவர் நடுவாக்கியத்தில் நிற்கிறார், இந்த வீட்டின் போக்கையும் வரத்தையும் என்று தொடங்கி அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, நாக்கு மரக்கட்டையாகிவிட்டது, வலது பக்கம் முழுக்க யாரோ மண் மூட்டையைச் சாய்த்த மாதிரி. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஜெபத்தின் நடுவே உபதேசியார் நிறுத்தினால் மௌன ஜெபம் என்று அர்த்தம், ஆமென் சொல்கிற வரைக்கும் ஒருத்தரும் கண்ணைத் திறக்கமாட்டார்கள், அப்படித்தானே அவரே பழக்கி வைத்திருக்கிறார். அவர் சுவரோரமாகச் சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார், கூடம் நிறைய ஜனம், ஒரு கண்ணும் திறக்கவில்லை, யாரோ ஒரு கிழவர் உருக்கமாக ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றுகூடச் சொன்னார். பெண்களுக்கு நடுவே எப்சிபாய் மட்டும்தான் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறாள். அடுப்பில் பால் வைத்த வீடாயிற்றே என்று பார்த்தாளாம். கல்யாணமான நாளிலிருந்து ஜெபத்தில் கண்ணைத் திறப்பதற்காக அவளைக் கடிந்துகொண்டிருந்தார். அவள் அன்றைக்கும் கண்ணை மூடியிருந்தால் இன்றைக்கு இந்தப் பெஞ்சில் அவர் இல்லை.

உட்காருங்கள் என்றார் ஐயர். உட்கார்ந்தார். பாவ அறிக்கை, பாடங்கள், அறிவிப்புகள், பெண்கள் ஐக்கியக் கூட்டம் செவ்வாய்க்கிழமை, கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், எல்லாம் காதுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. பிரசங்கம் தொடங்கியது. சோதனையில் நிலைநிற்பது பற்றி. ஐயர் நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் சோதனை என்று சொல்லும்போதெல்லாம் அவர் பார்வை முன்வரிசைக்கு வந்து தொட்டுவிட்டுப் போகிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள், ஆரஞ்சுப் பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, பொன் நெருப்பில்தானே சுத்தமாகும் உபதேசியாரே என்றார்கள். அட, அது என் பொன்னப்பா, என் நெருப்பு, நான் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்ததை எனக்கே திருப்பிக் கொடுக்கிறீர்களே என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, வாய் இல்ல என்றது, வந்தவர்கள் திகைத்து எப்சிபாயைப் பார்த்தார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த மத்தியானம்தான். அதை நினைக்கக்கூடாது என்று இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வந்தார், ஆனால் வண்டி கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிது. சாப்பாட்டு நேரம் தாண்டி, வந்தவர்கள் எல்லாம் போய், எப்சிபாய் பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்க, மின்விசிறி கடகடவென்று சுற்ற, படுத்தபடியே மேலே பார்த்து மனசுக்குள் கேட்டார். ஆண்டவரே, இருக்கீரா? ஆயுசுக்கும் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை, கேட்கிற தேவை வந்ததில்லை. கேட்டு முடிக்கவில்லை, அறைக்குள் சத்தமாக, தெளிவாக, அவருடைய குரலிலேயே பதில் வந்தது. இல்ல.

யார் சொன்னது? வாய் சொன்னது. வாய் எதற்கும் அதைத்தான் சொல்கிறது, இட்லிக்கும் அதைத்தான் சொல்கிறது, டாக்டரும் படம் போட்டுக் காட்டினார், மூளையில் இந்த இடம், இந்த நரம்பு, இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது ஐயா, தானாக வருவது என்று. சரி. ஆனால் அத்தனை வார்த்தை போனபோது இது மட்டும் ஏன் நின்றது? ஆமென் நின்றிருக்கலாம். ஸ்தோத்திரம் நின்றிருக்கலாம், எத்தனை லட்சம் தடவை சொன்ன சொல், தடம் விழுந்த சொல். எப்சிபாயின் பேராவது நின்றிருக்கலாம். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன வெள்ளம், அடியில் கிடந்த பாறையை மட்டும் விட்டுவிட்டுப் போனது என்றால், அந்தப் பாறைதான் அவரா? இத்தனை காலம் பேசிய பேச்செல்லாம் மேல்மண்தானா? இன்றைக்கு விசுவாசிக்கிறீர்களா என்று கேட்கும்போது வாய் இல்ல என்று சொன்னால் ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும், பாவம் மனுஷன் என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடும். அவருக்கு அது பயம் இல்லை. வாய் உண்மையைச் சொல்லிவிடுமோ என்பதுதான் பயம். ஐயர் யோபுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் புண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த மனுஷன், வாய் ஓயாமல் கடவுளோடு வழக்குப் பேசியவன். கொடுத்து வைத்தவன், பேச வாய் இருந்தது. எனக்கு அதுவும் இல்லையே என்று நினைத்தார், நினைத்த மாத்திரத்தில் எங்கோ ஒரு கொக்கி மாட்டியது. இல்லையா? வழக்குப் பேசவில்லையா நான்? அந்த மத்தியானத்துக்கு மறுநாள் காலையில் செருப்பு மாட்ட வராமல் கீழே விழுந்தபோது, இதுதானா உம்முடைய நியாயம் என்று கேட்டது யாரை? கக்கூஸுக்குப் பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு போகிற அவமானத்தில், நன்றாயிருக்கிறது, உம்முடைய ஊழியக்காரனுக்கு நீர் செய்கிற மரியாதை ரொம்ப நன்றாயிருக்கிறது என்று பல்லைக் கடித்தது யாரிடம்? பேத்தி பிறந்த சேதி வந்த அன்று அழுதுகொண்டே, உமக்கு எத்தனை ஏச்சு ஏசினேன், அத்தனையும் வாங்கிக்கொண்டு இதையும் தருகிறீரே என்று நாணிப்போனது யார் முன்னால்? ஒரு நாளாவது விட்டதுண்டா? இத்தனை மாதத்தில் ஒரு நாளாவது அவரோடு சண்டை போடாமல் படுத்ததுண்டா? பக்கத்து வீட்டுக்காரன் ஊரைக் காலிசெய்து போய்விட்டால் அவன் வீட்டு வாசலில் நின்று யாராவது தினம் தினம் கத்துவார்களா? ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தால்தானே கத்துவார்கள்! உபதேசியார் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ ஆயிரம் ஜெபம் செய்தவர், அழகழகாகச் செய்தவர், இடையில் எத்தனை ஜெபத்தில் மனசு பிரியாணி அண்டாவுக்குப் போயிருக்கும், எத்தனை ஜெபம் அந்த வீட்டாரின் காதுக்காகச் செய்தது. இந்த ஊமைக் காலத்தில் செய்த ஏச்சு ஒன்றுகூட யார் காதுக்காகவும் இல்லை. ஆண்டவர் ஒருவர் காதுக்குத்தான். பாறை இதுதானா? வாய்க்குக் கீழே, சொல்லுக்கெல்லாம் கீழே, வெள்ளம் அடித்தும் அசையாமல் கிடந்தது இதுதானா?

"எந்திரிங்க," என்றாள் எப்சிபாய். பிரசங்கம் முடிந்திருந்தது. சலோமி வெள்ளைக் கவுனில் பிள்ளையை ஏந்திக்கொண்டு முன்னே போனாள், மருமகன் ஜெபசிங் அவள் பின்னால், அவன் தாய்மாமன் மேனேஜர் மடிப்புக் கலையாத சட்டையில். உபதேசியார் காலை இழுத்து இழுத்து நடந்தார். கொஞ்சத் தூரம்தான், தன் கால் தேய்ந்த தரைதான், இதே தொட்டியருகே எத்தனை பிள்ளைகளின் பேரை ஐயர்மாருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். தொட்டியில் தண்ணீர் அசையாமல் இருந்தது, அதில் மேல்கூரையின் உத்திரம் தெரிந்தது. ஐயர் புத்தகத்தைத் திறந்தார். பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுத்துவிடுகிறீர்களா என்று கேட்டார். எப்சிபாய் கணீரென்று சொன்னாள், மேனேஜர் சொன்னார், உபதேசியார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அது ஒன்று கடந்தது. அப்புறம் ஐயர் நிமிர்ந்து, பார்க்கக் கூடாது என்றுதான் இருந்திருப்பார், ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மனுஷ முகத்தைப் பார்க்காமல் எப்படிக் கேட்பது, நேராக உபதேசியாரின் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். விசுவாசிக்கிறீர்களா?

"இல்ல."

அவருக்கே தெரியாமல், பல்லிடுக்கு வழியாகக் கசிந்து, மைக்கில் விழுந்து, கோபுரத்துக்கு ஏறி, தெருவெல்லாம் போயிற்று. பின்னால் எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்து, பக்கத்தில் இருந்தவர் அதட்டியது கேட்டது. சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயரின் முகம் சிவந்துவிட்டது, பக்கத்தைப் புரட்டினார், மறுபடி திருப்பினார். "பரவாயில்ல ஐயா. அடுத்த கேள்விக்குப் போயிருவோம்."

"போகாதீங்க," என்றாள் எப்சிபாய்.

அவள் குரலும் மைக்கில் விழுந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படுகிற மாதிரி தெரியவில்லை. "நீங்க கேட்ட கேள்விக்கு இந்த மனுஷனால பதில் சொல்ல முடியாது ஐயரே. முடியுற மாதிரி கேளுங்க. இல்லன்னா, நான் கேக்குதேன்." அவர் பக்கம் திரும்பி, அவருடைய செத்த வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "இங்க பாருங்க. ஒங்கள நான் பாக்காத பார்வையில்ல. நீங்க கண்ண மூடிக்கிட்டு ஆண்டவரோட மல்லுக்கட்டுதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இம்புட்டுப் பாடுலயும் அவர விட்டுட்டீங்களா?"

சொல் வந்தது. வழக்கம்போல் ஓடிவந்து வாசலில் நின்றது. முதல்முறையாக அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். நாக்கு நுனியில் அது துள்ளியது, விடவில்லை. அதை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை மாதமாகத் தன்னைக் கேட்காமல் தன் வாயிலிருந்து போய்வந்துகொண்டிருந்த சொல், தன்னை ஊர் முன்னால் சந்தி சிரிக்க வைத்த சொல், அந்த மத்தியானத்தில் தன் அடிவயிற்றில் குத்திய சொல். விட்டுவிட்டேனா? ஆஸ்பத்திரிக் கட்டிலில்? செருப்பருகே விழுந்து கிடந்தபோது? கேட்டு, பதிலுக்குத் தன் வாயே இல்லை என்று அறைந்த பிறகும், எழுந்து போகாமல், போக வேறு இடம் தெரியாமல், அவர் முன்னாலேயே படுத்துக்கிடந்தேனே, விட்டுவிட்டேனா? உள்ளே வரிசையாக நின்ற அத்தனை சொற்களும், கலியாணத்தின் சொல்லும் துக்கத்தின் சொல்லும் பாட்டின் எல்லாக் கவியும், இந்த ஒற்றைச் சொல்லின் பின்னால் வந்து தோள்கொடுத்து நிற்பது மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தார். நெஞ்சு நிறைய இழுத்தார். வாயைத் தானே, தன் இஷ்டத்தில், அகலத் திறந்தார்.

"இல்ல!"

அது கூரையில் மோதித் திரும்பி வந்தது. அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது, இல்லை, பழசாக இருந்தது, தெருமுனையில் நின்று நாலு தெருவுக்கும் கேட்கப் பேசிய நாளின் குரல். ஐயர் புத்தகத்தை மூடிவிட்டார். கண்ணில் தண்ணீர், துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஓர் அடி முன்னே வந்து, அவருடைய முழு வயசையும் மதித்துக் குனிந்து கேட்டார். "அவர் உங்களக் கைவிட்டாரா ஐயா?"

"இல்ல!"

"இந்தப் பிள்ளை வளந்து அவரப் பத்தி உங்ககிட்டக் கேட்டா, தெரியாதுன்னு சொல்லீருவீங்களா?" என்றார் ஐயர் மறுபடி.

"இல்ல! இல்ல! இல்ல!" என்றார் உபதேசியார், தலையை இரண்டு பக்கமும் வீசி வீசி ஆட்டி, எச்சில் தெறிக்க, அழுதுகொண்டு, சிரித்துக்கொண்டு. பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் ஆமென் வந்தது, பிறகு ஆண்கள் பக்கம், பிறகு அங்கிகளோடு பாடகர் குழு, பின்பெஞ்சு வாலிபர்கள். கோயிலே சொன்னது. வெளியே பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். சலோமி பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள், அவள் முதுகு குலுங்கியது.

ஞானத்தகப்பன்தான் பிள்ளையைத் தூக்கி ஐயர் கையில் கொடுப்பது அந்தச் சபையின் வழக்கம். ஐயர் மேனேஜரைப் பார்த்தார். உபதேசியார் அதைப் பார்த்தார். இடது கையை நீட்டி மகளை நோக்கி ஓர் அடி வைத்தார், வலது கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது. சம்பந்தியம்மாவால் பொறுக்க முடியவில்லை, முன்பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, மைக்கைப் பற்றிய நினைப்பே இல்லாமல் சத்தமாகச் சொல்லிவிட்டாள். "ஐயோ, ஒத்தக் கையால பிள்ளைய வாங்குதாங்களே, கீழ விட்டுருவாங்களே!"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் கொஞ்சமும் இல்லை, அவளுக்குச் சொல்ல வேண்டியதை நன்றாகத் தெரிந்து, நிதானமாக, தான் சொல்ல நினைத்ததை நினைத்தபடியே சொன்னார்.

"இல்ல."

சலோமி பிள்ளையை அவர் இடது கையில் வைத்தாள். அது கதகதப்பாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, விழித்துக்கொண்டு அவர் தாடையைப் பார்த்தது. அவர் அதை நெஞ்சோடு அணைத்துத் தொட்டியின் பக்கம் திரும்பி நடந்தார்.